டெல்டாவில் பள்ளி வேளாண் ஆசிரியர் தன் தொழில் திறனை வளர்த்துக்கொள்ள என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் திருவாரூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு வேளாண் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பணியிடைப் பயிற்சிக்குப் போனால் கற்பித்தல் முறை, கணினி, மதிப்பீடு என்றே ஓடுகிறது, வேளாண்மை வருவதே இல்லை, நான் எங்கே போய் என்ன கற்றுக்கொள்வது என்கிறார். நானும் தஞ்சை மாவட்டத்தில் அதே வேலையில் பல வருடமாக இருப்பவன். அதனால் பதில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

சான்றிதழ் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு வயலைப் பிடியுங்கள். பள்ளியில் இருந்து நடந்து போகும் தூரத்தில், உங்கள் மாணவர் ஒருவரின் வீட்டு வயலாக இருந்தால் இன்னும் நல்லது. நாற்றங்காலில் இருந்து அறுவடை வரை வாரம் ஒரு தடவை அதே வயலுக்குப் போய்வாருங்கள். மூன்று நாள் பயிற்சியில் பூச்சியின் படத்தைக் காட்டுவார்கள். அது எந்த வாரம் வருகிறது, எந்த மூலையில் முதலில் வருகிறது, வந்ததும் வயல்காரர் என்ன செய்கிறார் என்பதை ஒரு முழுப் போகம் கூடவே இருந்தால்தான் பார்க்க முடியும்.

எந்தப் போகம்? சம்பா. அணைத் தண்ணீரை நம்பி ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகமான குறுவை நமக்குச் சரிப்படாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் பள்ளியும் திறக்கிறது. அப்போது பதினோராம் வகுப்புச் சேர்க்கையே முடிந்திருக்காது. ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் குறுவை ரகம், நீங்கள் பிள்ளைகளின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பாதி வளர்ந்துவிடும். சம்பா அப்படியில்லை. சி.ஆர். 1009 போல ஐந்து மாதம் தாண்டும் ரகம் ஆகஸ்டில் விதைப்பில் தொடங்கிப் பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வரும், பள்ளி வருடத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ஒரே சிக்கல் அரையாண்டுத் தேர்வு. வடகிழக்குப் பருவமழையில் வயலில் தண்ணீர் கட்டி நிற்பதும் கதிர் வருவதும் அந்த நேரத்தில்தான். தேர்வுப் பணி முடிந்து சாயங்காலமாவது ஒரு நடை போய்விடுங்கள். அந்த வாரங்களை விட்டால் போகத்தையே விட்ட மாதிரி.

வயலில் எதைப் பார்ப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கியது. அங்கே புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி நெல்லை நாசம் செய்தது. மருந்து அடிக்க அடிக்க, பூச்சியைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் இன்னும் பெருகியது. அந்த அரசு 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் இந்தப் பள்ளி. நாலைந்து பேர் ஒரு குழு. வயலில் இறங்கிச் சில நெற்குத்துகளை அடித்தூரில் இருந்து நுனி வரை பார்ப்பது, கெடுதல் செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்வது எத்தனை என்று எண்ணுவது, ஒரு பெரிய தாளில் பயிரை வரைந்து இரண்டையும் இரண்டு பக்கம் எழுதுவது, இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று வாதாடி முடிவெடுப்பது. அவ்வளவுதான். உழவர்களுக்காக வந்த முறை என்றாலும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறையை நான் பார்த்ததில்லை. இரண்டு சம்பா இப்படி நடத்தினால் பிள்ளைகளைவிட நீங்கள்தான் அதிகம் கற்றிருப்பீர்கள்.

கண் பழகுவது என்பது சின்னச் சின்ன விஷயம்தான். நடுக்குருத்து காய்ந்திருக்கிறது, இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்றால் குருத்துப்பூச்சி. நட்ட சில வாரத்தில் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, துருப் புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. அதற்குப் பூச்சிமருந்து அடித்துப் பணத்தைக் கரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடநூல் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்று சொல்லும். வயல்காரர் உங்களிடம் கேட்பது மாவுக்கு எவ்வளவு சார் என்றுதான். ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர், ஆக மாவுக்கு மூன்றேகால் கிலோ சொச்சம். இந்தக் கணக்கு நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு கைபேசியில் கால்குலேட்டர் தேடும் வாத்தியாரை அடுத்த தடவை யாரும் கேட்க மாட்டார்கள்!

இடங்கள் என்று கேட்டால், உங்களுக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். நாகை மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சிக்கல் என்ற ஊரில் இருக்கும் நிலையம். உழவர், கிராமத்து இளைஞர், விரிவாக்கப் பணியாளர் என்றுதான் அங்கே பயிற்சிப் பட்டியல் இருக்கும், பள்ளி ஆசிரியர் என்று தனியாக எழுதியிருக்காது. அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு நேரில் போய், எந்தப் பயிற்சியில் உட்காரலாம் என்று கேளுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் இருந்து இயங்குகிறது. நம் பிள்ளைகள் பெயர் சொல்லும் ரகங்களில் பல அங்கே பிறந்தவை. அங்கே போனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், ரகங்களை ஒப்பிட்டு நட்டிருக்கும் பாத்திகள் பக்கம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

அறுவடையோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மழைக் காலத்தில் அந்த விதியைத் தளர்த்தச் சொல்லித்தான் மனு மேல் மனு போகிறது. சாலையில் நெல்லைக் காயவைத்துக்கொண்டு ஒரு குடும்பமே காத்திருப்பதைப் பார்த்தவர், அறுவடைப் பின்செய் நேர்த்தி என்ற பாடத்தை வேறு மாதிரி நடத்துவார். முடிந்தால் பள்ளிக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், பாசனத் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் கடைமடைப் பள்ளியா, முதலில் வரும் தலைமடைப் பள்ளியா என்பதைப் பொறுத்து இதெல்லாம் மாறும். வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணும் வடிகாலும்தான் முதல் பாடம். பட்டுக்கோட்டை, பேராவூரணி என்றால் நெல்லைவிடத் தென்னை. 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே வகுப்பில் இருப்பார்கள்.

பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு பிரிவு கிடைக்காமல் இதில் சேர்ந்தவர்கள் என்று சலிப்பாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த வருடத்து விதிமுறையை நீங்கள்தான் படித்து வைத்துச் சொல்ல வேண்டும். பவர் டில்லர் ஓட்டும் பையன் எப்படியும் ஒருவன் இருப்பான். சேறடிப்பது பற்றி அவனையே வகுப்பில் பேசவிடுங்கள், நீங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுங்கள்.

பணி நிமித்தமாக விடுப்பு கிடைக்குமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எழுத்தில் அழைப்பு இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும், இல்லாவிட்டால் சனிக்கிழமைதான்.