ரேம் வகைகள் குழம்புகின்றன என்ற கேள்விக்குப் பதில்

வணக்கம். டர்பனில் வேலை பார்த்துக்கொண்டே கணினிப் பழுதுபார்ப்போருக்கான ஏ பிளஸ் சான்றிதழ்த் தேர்வின் முதல் தாளுக்குப் படிப்பதாகவும், ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வகைகளின் எண்கள் மனத்தில் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எண்களை மட்டும் உருப்போடாமல், கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் பழுதான டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரு தலைமுறை ரேம்களைக் கேட்டு வாங்கி, அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் 240 பின்கள் (விளிம்பிலுள்ள உலோகத் தொடுமுனைகள்), விளிம்பு நேர்கோடு. பின்னதில் 288 பின்கள், விளிம்பு நடுவில் சற்றே புடைத்திருக்கும். டிடிஆர்5-க்கும் 288 பின்களே என்றாலும், விளிம்பிலுள்ள சிறு வெட்டின் இடம் மாறியிருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் அது பொருந்தாது. மின்னழுத்தம் 1.5, 1.2, 1.1 வோல்ட் எனத் தலைமுறைதோறும் குறைகிறது. மடிக்கணினி ரேமின் பின் எண்ணிக்கை வேறு. அதைத் தனியே படியுங்கள்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையையும் விட்டுவிடாதீர்கள். சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று குறித்த சிறு சுவிட்ச் இருக்கும். அமெரிக்க நிறுவனம் நடத்தும் தேர்வு என்பதால் பாடநூல்களில் 115 அல்லது 120 வோல்ட் அடிக்கடி வரும். நம் தென்னாப்பிரிக்காவிலோ 230 வோல்ட். சுவிட்சை 115-இல் வைத்து இங்கே இணைத்தால் பவர் சப்ளை கருகிவிடும். 230-இல் வைத்து அமெரிக்காவில் இணைத்தால் பெரும்பாலும் கணினி இயங்காது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் காரணத்தோடு புரிந்துகொள்வது மிக அவசியம்.

தேர்வில் 90 நிமிடங்களுக்கு அதிகபட்சம் 90 கேள்விகள் என்பதால், செய்முறைக் கேள்வி நேரத்தை விழுங்கினால் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.