காற்று பிடிக்கும் எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு வாசகர்: 2004-இல் வாங்கிய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) காரில், நிற்கும்போது ஆர்பிஎம் 900-க்கும் 1,600-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. பட்டறையில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்பட வேண்டாம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் வெளிக்காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் வண்டியில் அந்தக் காற்று கணக்கில் வராததால் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும்; மேப் சென்சார் வண்டியிலோ, மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி) அழுத்தம் கூடியதைக் கண்ட ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலையும் சேர்த்துக் கூட்டிவிடுவதால் ஐடில் (வண்டி நிற்கும்போதுள்ள எஞ்சின் வேகம்) உயர்ந்து நிற்கும். எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சு விசையை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு வேக்கம் ஹோஸையும் மேனிஃபோல்டுக்கு அருகில், துணி சுற்றிய குறடால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ, பழுது அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோ இருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி ஹோஸை நசுக்கும்போது ஐடில் சற்றே இறங்குவது மட்டும் இயல்பு. பழைய ரப்பர், நிப்பிளில் (ஹோஸைச் செருகும் சிறு குழாய்முனை) மாட்டியிருக்கும் அந்த அரை அங்குலத்தில், பெரும்பாலும் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும். ஆகவே எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். ஹோஸ்கள் சரியென்றால், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் ஓரத்திலும் இன்ஜெக்டர் ஓ-ரிங் அருகிலும் சோப்பு நீரைச் சிறிதளவு தெளியுங்கள். கசிவின் மேல் படும்போது ஓட்டத்தின் ஓசை மாறும். சூடான எஞ்சினில் கார்பரேட்டர் கிளீனரை அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, அது தீப்பற்றக்கூடியது.

பென்னாகரம் வாசகர்: ஐடில் உயர்ந்ததோடு பிரேக் பெடலும் கெட்டியாகிவிட்டது. தொடர்பு உண்டா?

உண்டு, இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் மேனிஃபோல்ட் வேக்கத்தில்தான் இயங்குகிறது. எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் ஹோஸ், ஒருவழி வால்வு, பூஸ்டரின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) என்ற வரிசையில் பாருங்கள். அது சரியாகும்வரை வண்டியைத் தொப்பூர் கணவாயில் இறக்கவே கூடாது என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர் வாசகர்: மேனிஃபோல்டின் உறிஞ்சு விசையை அளக்கும் வேக்கம் கேஜில் 17 அங்குலம் (பாதரச அளவு)தான் காட்டுகிறது. கையேட்டில் 20 என்று இருக்கிறது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் குறையும் என்பதால், முள் ஆடாமல் நின்றால் 17 சரியான அளவுதான்.

கிருஷ்ணகிரி வாசகர்: வெடித்த ஹோஸில் டேப் சுற்றினால் போதாதா?

போதாது. எஞ்சின் சூட்டில் பசை இளகிவிடும். தண்ணீர்க் குழாயும் உதவாது. உறிஞ்சும்போது உள்நோக்கிச் சப்பிக்கொள்ளும். அதே உள்விட்டமுள்ள, சுவர் தடித்த வேக்கம் ஹோஸையே கேட்டு வாங்குங்கள்.