மாடியில் பத்துப் பைகள்

கேள்வி: மொட்டைமாடியில் பத்துப் பைகள் வைக்கத்தான் இடம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எந்தக் காய்கள் கட்டுப்படியாகும்? காலிஃபிளவர் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காலிஃபிளவரை மறந்துவிடுங்கள் அம்மா. மூன்று மாதம் பையை அடைத்துக்கொண்டு, ஒரே ஒரு பூவைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

மூன்று பைகளைக் கத்தரிக்கு ஒதுக்குங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் ஓரடி உயரம் விட்டு வெட்டி, இரண்டு கை தொழுவுரம் இட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர்க் குறை என்று நினைக்காதீர்கள். உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி, நசுக்கி எறியுங்கள். இதற்குப்போய் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

வெண்டைக்கு ஐந்து பை. ஓரிரு செடி வைத்துவிட்டுப் பொரியலுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். விதைத்து 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். முற்றவிட்டால் புதுப் பிஞ்சு குறையும்.

மீதி இரண்டில், கைப்பிடிச்சுவர் ஓரமாகக் கொடிப்பசலை. கிள்ளக் கிள்ளத் தழைக்கும். "கீரை எல்லாம் காயா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், பாசிப்பருப்போடு கடைந்து வையுங்கள்.