கேளுங்க சொல்றோம்: அலையை வடிகட்டுற தகடு

கேள்வி: எம்.இ. கம்யூனிகேஷன் படிக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை தடுக்குற எப்.எஸ்.எஸ். தான் ப்ராஜெக்ட், அதாவது ஒரே உலோக வடிவக் கட்டத்தை (செல்) வரிசையா அடிச்சு, சில ஃப்ரீக்வென்சியை தடுத்து மத்ததை விடுற தகடு. சதுர லூப் போட்டேன், சிமுலேஷன்ல சூப்பரா வருது. ஆனா கைடு "செல் பெருசா இருக்கு, காம்பேக்டா பண்ணு"ன்னு திருப்பி அனுப்பிட்டார். சுவர்ல ஒட்டப்போற சமாச்சாரம், அதுல என்ன இடப்பஞ்சம்? - வாசகி, திருச்சி

பதில்: இடப்பஞ்சமே இல்லம்மா, பிரச்சினை சாய்வு. 2.4-க்கு அலைநீளம் 12.5 செ.மீ., லூப்போட சுற்றளவு ஏறக்குறைய ஒரு அலைநீளம் இருந்தாதான் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) வரும், அப்போ மெல்லிசு ஃபிலிம் மேல அடிச்சா ஒரு பக்கமே 3 செ.மீ. தாண்டும், இடைவெளியும் சேர்த்தா செல் 3.5-னு வைங்க. சிமுலேஷன்ல அலை நேரா வந்து விழுது, உங்க ஷீட்டும் நாலு பக்கமும் முடிவே இல்லாம போகுதுன்னு சாஃப்ட்வேர் நெனச்சுக்குது. நிஜத்துல ரவுட்டர் ஏதோ ஒரு மூலையில கெடக்கும், அலை 60 டிகிரி சாஞ்சுகூட வரும். செல் பெருசா இருந்தா சாயச் சாய ரெசனன்ஸ் நகரும், அலையோட மின்புலம் எந்தத் திசையில இருக்குங்குறதைப் பொறுத்து வர்ற ரெண்டு வகையில, டி.இ. ஒரு பக்கம் டி.எம். இன்னொரு பக்கம்னு போகும். இன்னொண்ணு, 60 டிகிரியில செல் நீளம் அலைநீளத்துல சுமார் 0.54 பங்கை தாண்டினா கிரேட்டிங் லோப், அதாவது வேண்டாத திசையில போற கிளை அலை, கெளம்பிடும். 2.4-ல அதுக்கு 6.7 செ.மீ. வரைக்கும் இடம் இருக்கு, ஆனா 5 கிகாஹெர்ட்ஸ்ல 3.2 தான். ஒழுங்கா தாண்டிப் போகணும்னு நீங்க விடுற 5 கிகா சிக்னல் கண்ட திசையில செதறும். கைடு சொன்னது சரிதான்.

சின்னதாக்குறது எப்படின்னா, லூப்போட கம்பி இண்டக்டர், பக்கத்து லூப்புக்கு நடுவுல இருக்குற சந்து கெப்பாசிட்டர். ரெண்டுல எதை ஏத்தினாலும் ரெசனன்ஸ் கீழ எறங்கும், அதே 2.4-க்கு செல் சின்னதாகும். எல்லாரும் மொதல்ல பண்றது கம்பியை வளைச்சு வளைச்சு மியாண்டர் போடுறது, பாக்க அழகா இருக்கும், பேப்பர்ல படமும் நல்லா வரும், ஆனா தடுக்குற ஃபில்டர்ல இண்டக்டன்ஸ் ஏற ஏற பேண்ட் ஒடுங்கும், கம்பியும் மெல்லிசா நீளமா போறதால லாஸ் கூடும். வைஃபை பேண்டே 83 மெகாஹெர்ட்ஸ் தான். எப்.ஆர்.4-ங்குற சாதாரண சர்க்யூட் போர்டோட பெர்மிட்டிவிட்டி (அலையை எவ்வளவு மெதுவாக்குதுங்குறதை முடிவு பண்ற குணம்) லாட்டுக்கு லாட் மாறும், அதுல ரெசனன்ஸ் வெறும் 2% நகர்ந்தாலே 48 மெகாஹெர்ட்ஸ், பேண்ட்ல பாதிக்கு மேல போச்சு! அதனால நான் கெப்பாசிட்டன்ஸ் பக்கம்தான் போகச் சொல்லுவேன், பக்கத்து செல்லோட விரல் கோத்த மாதிரி இண்டர்டிஜிட்டல் போடுங்க. ஆனா சந்தை 0.1 மி.மீ.க்கு கொண்டு போயிட்டு எட்சிங் பண்றவர்கிட்ட சண்டை போடாதீங்க, அந்த சந்து கொஞ்சம் அகலமானா ஃப்ரீக்வென்சியே மாறிடும். செல் அளவை அலைநீளத்துல பத்துல ஒரு பங்குக்கு எறக்கினா போதும், இருபதுல ஒண்ணுன்னு ஆசைப்பட வேணாம்.

தடுக்காம கடத்தி விடுற டிசைன் வேணும்னா, அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில சரபந்தியும் பெஹ்தாதும் 2007-ல போட்ட வழி இருக்கு. ஒரு பக்கம் குட்டி உலோகப் பேட்ச், மறுபக்கம் கம்பி வலை, பேட்ச் கெப்பாசிட்டர், வலை இண்டக்டர். ஆனா அதுக்கு எப்.ஆர்.4 எடுக்காதீங்க, போற சிக்னலையே போர்டு தின்னுடும்.

கேள்வி: மைக்ரோவேவ் ஓவன் கதவுல இருக்குற ஓட்டைத் தகடும் இதுதானா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: தூரத்துச் சொந்தம். ஓவன் அலை 12 செ.மீ. சொச்சம், ஓட்டையோ ஒண்ணு ரெண்டு மி.மீ., அதனால வெளிய வராது, வெளிச்சம் மட்டும் வரும். அங்க ரெசனன்ஸ் கெடையாது, எப்.எஸ்.எஸ்.க்கு அதுதான் உயிர்.

கேள்வி: இந்த ஷீட்டை வாங்கி ஹால் சுவர் பூரா ஒட்டினா பக்கத்து வீட்டு வைஃபை தொல்லை போகுமா? - வாசகர், கோவை

பதில்: பிரான்ஸ்ல கிரெனோபிள் ஆளுங்க 2012-லயே வைஃபை தடுக்குற வால்பேப்பர் செஞ்சு காட்டிட்டாங்க சார், செல்போன் சிக்னலை மட்டும் விட்டுடும். ஆனா உங்க வீட்ல ஜன்னலும் கதவும் திறந்து கெடக்கும்போது அலை அது வழியா வந்துடும். செங்கல், சிமெண்ட் மேல ஒட்டினதும் ரெசனன்ஸ் கீழ எறங்கிடும், லேப்ல காத்துல அளந்த நம்பர் செல்லாது. பணத்தை அதுல போடாம ரவுட்டர் சேனலை மாத்திப் பாருங்க.

கேள்வி: நிஜ வாழ்க்கையில யாராவது இதை பயன்படுத்துறாங்களா, இல்ல தீசிஸுக்கு மட்டும்தானா? - வாசகர், மதுரை

பதில்: 1977-ல கெளம்பின வாயேஜர் விண்கலத்தோட 3.7 மீட்டர் ஆன்டெனாவுல, எதிர்ல இருக்குற சின்ன ரிஃப்ளெக்டர்ல அலுமினிய சிலுவை சிலுவையா இருக்கும். எக்ஸ் பேண்ட் 8.4 கிகாஹெர்ட்ஸ் அதுல பட்டுத் திரும்பும், எஸ் பேண்ட் 2.3 அதைத் தாண்டிப் போகும், ஒரே டிஷ்ல ரெண்டு வேலை. இங்க பூமியில, சூடு தடுக்குற லோ-ஈ கண்ணாடில வெள்ளி பூச்சு போன் சிக்னலையும் சேத்து தடுத்துடும், சுவிட்சர்லாந்துல ரயில் ஜன்னல்ல லேசரால அந்தப் பூச்சைக் கோடு கோடா கீறி விட்டாங்க. சூடு நின்னுச்சு, போன் பேச முடிஞ்சுது, கண்ணுக்குக் கோடும் அவ்வளவா தெரியாது.