அடுத்த வரியையும் படியுங்கள்

கேள்வி: ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் சாம்பல் பள்ளத்தாக்குக்கு மேலே விளம்பரப் பலகையில் இருக்கும் டாக்டர் எக்கில்பர்க்கின் கண்கள் கடவுளைக் குறிப்பவைதானே? எல்லா கைடுகளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. – கல்லூரி மாணவி, சேலம்

பதில்: போட்டிருக்கும். எழுதினால் மார்க்கும் விழும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் 1925இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய அந்தக் காட்சியை இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள்.

எட்டாம் அத்தியாயம். மனைவி மிர்ட்டில் கார் மோதிச் செத்துப்போன இரவு முழுக்க, அந்தப் பள்ளத்தாக்கில் கார் கராஜ் நடத்தும் வில்சனோடு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் காபிக்கடை நடத்தும் மைக்கேலிஸ். ‘நீ போகிற சர்ச் ஏதாவது உண்டா, பாதிரியாரை வரச் சொல்லட்டுமா’ என்று கேட்கிறான். எதிலும் இல்லை என்கிறான் வில்சன். விடிகிற நேரத்தில் அதே வில்சன் ஜன்னலோரம் நின்றுகொண்டு, ‘என்னை ஏமாற்றலாம், கடவுளை ஏமாற்ற முடியாது என்று அவளிடம் சொன்னேன்’ என்று புலம்ப, இவன் எதைப் பார்த்துப் பேசுகிறான் என்று மைக்கேலிஸ் எட்டிப் பார்த்தால், இருட்டு கரையக் கரைய வெளியே தெரிகின்றன அந்தப் பெரிய கண்கள். ‘கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார்.’ அடுத்த வரி மைக்கேலிஸுடையது: ‘அது விளம்பரம்.’

கைடு போட்டவர்கள் இதற்கு முந்தைய வரியிலேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள் போல.

நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் நாலு பேர் கூடுதலாக வரட்டும் என்று ஒரு கண் டாக்டர் வைத்த போர்டு, அவ்வளவுதான். விழித்திரையே ஒரு கஜம் உயரம், முகம் கிடையாது, மூக்கே இல்லாமல் ஒரு மஞ்சள் மூக்குக்கண்ணாடி. வைத்தவர் செத்தாரா, மறந்துவிட்டு வேறு ஊருக்குப் போனாரா என்று கதை சொல்லும் நிக்குக்கே தெரியாது. இதைக் கடவுளாக்குவது வில்சன், சர்ச் இல்லாதவன், அந்த விடியலில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தேவலை என்று தவிப்பவன். சரி, எல்லாம் பார்க்கும் கண்ணை நம்பிக் கிளம்பியவன் யாரைச் சுட்டான்? கேட்ஸ்பியை. மிர்ட்டிலை மோதிய கார் கேட்ஸ்பியுடையதுதான், ஆனால் அதை ஓட்டியது அவன் காதலிக்கும் டெய்ஸி.

விளம்பரம் என்ற சொல்லையும் லேசாக விடாதீர்கள். ஏழாம் அத்தியாயத்தில், வெக்கை தாங்காத மதியம், புருஷன் டாம் பக்கத்திலேயே இருக்க, கேட்ஸ்பி மேல் இருக்கும் காதலைப் பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிட்டு டெய்ஸி சொல்லும் உவமை என்ன? ‘விளம்பரத்தில் வருகிற அந்த ஆள் மாதிரி இருக்கிறீர்கள்.’ அவள் கண்ணுக்கு அவனும் ஒரு போர்டுதான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ‘அது விளம்பரம்’ என்று சொன்ன மைக்கேலிஸும் ஏதோ உறுத்தியதுபோல ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த ஒரு வாக்கியம் உங்கள் கட்சிதான்.

அப்புறம், கண்ணாடியைப் பற்றி எழுதித்தான் தீருவேன் என்றால் இந்தப் பலகையை விட்டுவிட்டு அந்த ஆந்தைக்கண் மனிதரைப் பிடியுங்கள். கேட்ஸ்பி வீட்டில் விருந்து நடக்கும் இரவில் அங்கிருக்கும் நூலகத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்து, அவன் புத்தகங்கள் அசல்தானா, ஒட்டியபடி வரும் பக்கங்களை வெட்டிப் பிரித்திருக்கிறானா என்று சோதித்தவர். நூற்றுக்கணக்கில் வந்து தின்றுவிட்டுப் போனவர்களில் கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கு மழையில் வந்து சேர்ந்தவர் அவர் ஒருத்தர்தான். வந்தவர் கண்ணாடியைக் கழற்றி, வெளிப்பக்கமும் உள்பக்கமும் துடைக்கிறார்.