பென்சிலுக்கு முன்னால் ஒரு படல்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 9 மாதம். இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் பிடிக்கிறான், 'அ' எழுத வரவில்லை, டியூஷன் வையுங்கள் என்கிறார் மிஸ். பள்ளி மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறான். ஓடினால் அடிக்கடி விழுகிறான். எங்களுடையது ஓட்டு வீடு. கொல்லையை ஒட்டியே வாய்க்கால். அதில் தண்ணீர் வந்ததிலிருந்து என் அத்தை (மாமியார்) பிள்ளையை வாசற்படி தாண்ட விடுவதில்லை. போனைக் கொடுத்துக் கூடத்தில் உட்கார வைத்துவிடுகிறார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அத்தையை நான் எதிர்த்துப் பேசியதில்லை. டியூஷன் வைக்கலாமா? பிள்ளைக்கு ஏதும் குறை இருக்குமோ என்று இரவில் தூக்கமே வருவதில்லை.

— பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டியூஷன் வேண்டாம், சகோதரி. இன்று இரவாவது நீங்கள் தூங்க வேண்டும், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'அ'வை நீங்களே ஒரு தடவை மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, திரும்பி ஒரு குறுக்குக்கோடு, கடைசியில் மேலிருந்து கீழே ஒரு கோடு. வட்டத்தைப் பார்த்து வரையவே பிள்ளைகளுக்கு 3 வயது வாக்கில்தான் வருகிறது. கூட்டல் குறி 4 வயது வாக்கில். சதுரத்தின் மூலையில் கை திரும்ப நாலரை, ஐந்து ஆகிவிடும். 'ட', 'ப' என்று நமக்கு எளிதாகத் தெரிகிற எழுத்துகளுக்கே அந்த மூலை வேண்டும். மூன்றே முக்கால் வயதில் 'அ' வராதது குறையே இல்லை. மூன்று விரலில் பென்சில் நிற்பதும் பல பிள்ளைகளுக்கு 4-லிருந்து 6 வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் வரும். நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. உங்கள் பிள்ளை வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன.

கையின் பலம் விரலில் தொடங்குவதில்லை. முதுகும் தோளும் முதலில் உறுதியாகும், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல். தோள் நிற்காத பிள்ளையிடம் ஒரு பக்கம் எழுது என்றால் முழுக் கையையும் இறுக்கிக்கொண்டுதான் எழுதும். கை வலிக்கும், எழுத்தே பிடிக்காமல் போகும். தோளை உறுதியாக்குவது தவழ்வது, தொங்குவது, இழுப்பது, தள்ளுவது, எறிவது. உங்கள் மகனுக்கு இப்போது கிடைக்காமல் இருப்பது இவைதான்.

இனி உங்கள் அத்தையின் பயத்துக்கு வருகிறேன். அது சரியான பயம். நானும் அரசலாற்றங்கரையில் வளர்ந்தவள்தான். தண்ணீரில் விழுந்த சின்னப் பிள்ளை கத்திக் கூப்பிடாது, சத்தமில்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கணக்குப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். ஏழரை மாதம். வாய்க்கால் வற்றிய பிறகு விளையாடிக்கொள்ளட்டும் என்றால் மிச்சம் நாலரை மாதம்தான், அதிலும் பாதி கடும் வெயில். ஓடவும் தாண்டவும் உடம்பு கற்றுக்கொள்கிற வயது, தண்ணீர் வடியும்வரை காத்திருக்காது.

அதனால் தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு படல் கட்டுங்கள். மூங்கில் பிளாச்சு போதும். உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது. பிளாச்சுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கட்டை வாய்க்கால் பக்கம் வரட்டும், இந்தப் பக்கம் இருந்தால் கால் வைத்து ஏறிவிடுவான். கதவுத் தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். படல் கட்டியாயிற்று என்று கண்ணை எடுத்துவிடக் கூடாது. கொல்லையில் அவன் இருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கையில் போன் இல்லாமல் கூடவே இருக்க வேண்டும். கிணற்றடித் தொட்டியையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

அத்தையிடம் இதை எதிர்ப்பேச்சாகக் கொண்டு போகாதீர்கள். "நீங்கள் பயப்படுவது சரிதான் அத்தை, அதனால்தான் படல் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கணவரும் போனில் அவர் அம்மாவிடம் பேசட்டும். இது மருமகள் தனியாகச் சுமக்க வேண்டிய பேச்சு இல்லை.

எவ்வளவு நேரம் ஆட விடுவது? 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதுமாகச் சேர்த்து 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, தூக்கம் 10-லிருந்து 13 மணி நேரம். 180 என்றதும் மலைக்காதீர்கள். காலையில் கொஞ்சம், பள்ளி விட்டு வந்து வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் என்று சேர்ந்துவிடும். அப்புறம், போனை இன்றே பிடுங்காதீர்கள். கொல்லை திறந்த பிறகு குறையுங்கள், அழுகை பாதியாகிவிடும்.

வெறுமனே திறந்துவிட்டாலும் போதாது. ஓட்டம் தானாக வரும். பந்தைப் பிடிப்பதும் குறி பார்த்து எறிவதும் யாராவது செய்து காட்டித் திரும்பத் திரும்பப் பழகினால்தான் நன்றாக வரும். தாத்தாவின் பழைய வேட்டியைச் சுருட்டித் தேங்காய் அளவுக்கு ஒரு துணிப்பந்து கட்டுங்கள். நாலடி தள்ளி நின்று மெதுவாகப் போடுங்கள். முதலில் நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிப்பான், அது சரியான தொடக்கம். வைக்கோல் பிரி ஒன்றைத் தரையில் நீளமாகப் போட்டு, அதுதான் வரப்பு, சேற்றில் கால் படாமல் நட என்று விடுங்கள். இரண்டு காலும் சேர்த்துக் குதிக்கட்டும். ஒற்றைக் காலில் நொண்டுவது பெரும்பாலும் 4 வயதைத் தாண்டித்தான் வரும், இப்போது கேட்காதீர்கள். ஓட்டு வீடு என்கிறீர்கள், அப்படியானால் மாடிப்படி அவனுக்கு இந்த ஜூனில்தான் பழக்கமாகியிருக்கிறது. திண்ணைப் படி இரண்டு இருந்தாலும் போதும், ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கால் வைக்கச் சொல்லுங்கள். ஏறுவது முன்னால் வரும், இறங்குவது பிறகுதான்.

விரல் வேலையை அப்பாயியிடம், அதாவது உங்கள் அத்தையிடம் ஒப்படையுங்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் இதற்குக் கிடைக்க மாட்டார். முருங்கைக்கீரை உருவுவது, மொச்சை உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கோலப்பொடியை இரண்டு விரலில் கிள்ளிக் கோடு இழுப்பது. பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள்தான் இதிலெல்லாம் வேலை செய்கின்றன. மொச்சைக்கொட்டை மட்டும் வாய்க்கும் மூக்குக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடத்தில் போன் கொடுத்தவரே திண்ணையில் கீரை முறத்தைக் கொடுத்தால், அவருக்கும் பிள்ளையைத் தன் கண்ணெதிரே வைத்திருக்கும் நிம்மதி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லை கிடையாது. கூடத்தில் தலையணை அடுக்கி மலை ஏறட்டும், சுருட்டிய கோரைப்பாயைத் தாண்டட்டும், கட்டிலுக்கு அடியில் தவழட்டும்.

குறை இருக்குமோ என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழக்கக் குறைவு என்றே தோன்றுகிறது. ஆனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். தரையிலிருந்து எழும்போது கையைத் தன் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறானா? கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருக்கிறதா? எப்போதும் முன்னங்காலிலேயே நடக்கிறானா? ஒரு பக்கக் கையையோ காலையோ ஒதுக்குகிறானா? முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஒன்றும் இல்லாமல், இரண்டு மூன்று மாதம் நன்றாக ஆடியும் விழுவது குறையவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். கண்பார்வையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க அரசே மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் வைத்திருக்கிறது, தேவையென்றால் டாக்டரே அங்கே அனுப்புவார். காலையில், அவன் தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகு அழைத்துப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் நட, குதி என்று டாக்டர் சொல்லும் எதையும் செய்து காட்ட மாட்டான்.