தலையில நீர் கோத்துக்கிட்டதாலயா?

அக்கா, மாசாமாசம் ஒத்தத் தலைவலி வருது. பாதித்தலை விண்ணுவிண்ணுனு தெறிக்குது, வெளிச்சம் ஆகல, வாந்தி வேற. நடவு நேரத்துல ரெண்டு நாள் படுத்துட்டா வீட்ல பேச்சு. மாமியார், தூரமானப்ப தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட வயலுக்குப் போற, நீர் கோத்துக்கிச்சுங்கிறாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டே இருக்கேன். பீரியட்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?
ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்

அன்புள்ள தங்கச்சி,

உண்டும்மா. ஆனா நீர் கோத்துக்கிட்டதால இல்ல. கும்பகோணத்துல எங்கம்மாவும் உன் மாமியார் சொல்றதையேதான் சொல்வாங்க, நானும் வருஷக்கணக்கா நம்பி தலைக்குக் குளிக்கவே பயந்துட்டிருந்தேன். அப்புறம் ஒரு தடவ பால் கணக்கு எழுதுற மாசக் காலண்டர்லயே பீரியட்ஸ் வந்த நாளுக்கு வட்டம், தலைவலிக்குப் பெருக்கல் குறி, தலைக்குக் குளிச்சதுக்குப் புள்ளின்னு மூணு மாசம் போட்டுட்டு வந்தேன். பாத்தா பெருக்கல் குறி வட்டத்துக்கு முந்தின நாளே நிக்குது, புள்ளி அதுக்கப்புறம்தான் வருது. குளிக்கிறதுக்கு முன்னாடியே வந்த வலிக்கு குளிச்சதா காரணம்? அன்னிக்கு அழுதுட்டேன்.

பீரியட்ஸுக்குக் கொஞ்சம் முன்னாடி உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண்மை ஹார்மோன் சட்டுனு இறங்கும், மைக்ரேன்ங்கிற இந்த ஒத்தத் தலைவலி உள்ளவங்களுக்கு அந்த இறக்கம்தான் ஆகறதில்ல. பீரியட்ஸ் முதல் நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்து மூணாம் நாள் வரைக்குள்ள, மூணு மாசத்துல ரெண்டு மாசமாவது வந்தா டாக்டருங்க பீரியட்ஸோட வர்ற மைக்ரேன்னு எடுத்துக்குவாங்க.

நாள் தெரிஞ்சிட்டா பாதி பாரம் எறங்கிடும். அந்த நாள்ல வெள்ளிக்கிழமை விரதம் வந்தா விட்டுடு, வெறும் வயித்தோட வயல்ல எறங்காத, தூக்கத்தைக் கெடுத்துக்காத. மாசம் தவறாம சரியா வர்றவங்களுக்கு, வலி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சு அஞ்சாறு நாள் மட்டும் நாப்ராக்ஸென்ங்கிற வலி மாத்திரை, இல்லன்னா மைக்ரேனுக்குன்னே இருக்கிற ட்ரிப்டான் வகையில ஃப்ரோவாட்ரிப்டான் மாதிரி மாத்திரை தர்ற வழி இருக்கு. ஆனா நீயா வாங்கிப் போடாத, அல்சர், ஆஸ்துமா, கிட்னி, பிள்ளை உண்டாயிருக்கிறது எல்லாம் கேட்டுட்டுத்தான் டாக்டர் குடுக்கணும்.

எனக்கு உன்கிட்ட பயமே அந்த மெடிக்கல் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையே மாசத்துல 15 நாள், ட்ரிப்டான்னா 10 நாள்னு மாசக்கணக்கா போயிட்டா மாத்திரையே தலைவலியக் கொண்டு வரும். எத்தன போட்டேன்னு அதையும் காலண்டர்ல எழுது.

இன்னொண்ணு, வலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் கோடு மாதிரி தெரிஞ்சா அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு, அப்படிப்பட்டவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கிற கர்ப்பத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தக் கூட்டும். திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி மண்டை பொளந்தாலோ, கை மரத்து பேச்சு குழறினாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு.

மூணு மாசத் தாளையும் கிழிச்சு எடுத்துட்டு டாக்டரப் போய்ப் பாரும்மா. மாமியாரையும் கூட்டிட்டுப் போ, தாளை அவங்களே பாக்கட்டும்.